பின்பக்கம் எழுத்து வேண்டாம்

ஹனோவர்
12 நவம்பர் 1996

அன்புள்ள அப்பா,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வாரம் குடியிருப்பின் பொது மாடிப்படியைக் கூட்டும் முறை நம் வீட்டுடையது. நீங்களே கூட்டிவிடுங்கள். அம்மா குனிந்தால் எழ முடிவதில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

முதலில் ஒரு சின்னக் குறை. உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் 'பட்டதாரி இன்ஜினியர்' என்று போடாதீர்கள். நம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான் என்பது தபால்காரருக்கு எதற்கு? படியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார், எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரிவதில்லை.

இப்போது செய்தி. ஜனவரி முதல் பம்ப் விற்பனையில் வட பகுதி முழுக்க என் பொறுப்பு. இந்தப் பதவியில் இதுவரை பெண் யாரும் இருந்ததில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் காது மெஷினை டிராயரில் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 'சரி சரி' என்பீர்கள். எழுதினால்தான் உங்களுக்கு முழுதாகப் போய்ச் சேரும்.

பதவியோடு கம்பெனி வண்டியும் வருகிறது. பட்டியலில் நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெரிய செடானும் இருக்கிறது. நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், இரண்டில் எதையும் எடுக்கலாம். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டீட்ஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், உங்களுக்குன்னு ஒரு சின்ன வண்டி பார்த்து வெச்சிருக்கேன். செர்ரி சிவப்பு. எங்க வேணா நிறுத்திக்கலாம்."

"பட்டியல்ல செடான் இருக்கே?"

"இருக்கு. ஆனா அது நீளமாச்சே."

நான் விற்கும் பம்புகள் அதைவிட நீளம் என்று சொல்ல நினைத்தேன். தென் பகுதிக்குப் பொறுப்பான லோமான் அங்கேயே காபி குடித்துக்கொண்டிருந்தார். "செடானே குடுப்பா டீட்ஸ், நாலு சிலிண்டர்ல. லேடீஸ் எஞ்சின். உதட்டுச் சாயம் பூசக் கண்ணாடி இருந்தாப் போதும் அவங்களுக்கு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்பா. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டிசம்பர் ஆறாம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். எதை எடுப்பது? உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

அன்புடன்,
கெர்லிண்ட்


எஸ்லிங்கன்
17 நவம்பர் 1996

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கு ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும் என்கிறாள். கேட்கட்டும். படி கூட்டியாகிவிட்டது.

ஆறு எடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தொன்பது வருடமாக நான் நாலு சிலிண்டர் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆறு சிலிண்டர் எதிர்க் கூடத்தில் கட்டுகிறார்கள். நடுவில் இரண்டுக்கும் பொதுவாகச் சாப்பாட்டுக் கூடம். எதிர்க் கூடத்துக்காரர்கள் எங்களுடையதைப் 'பொம்பளைக் கூடம்' என்பார்கள். அங்கே ஷெம்ப் என்று ஒருவன், என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவன். தட்டோடு எதிரே உட்காரும்போதெல்லாம், "என்ன ஓட்மாரு, இன்னைக்கு எத்தனை தையல் மெஷின் கட்டுன?" என்பான். நான் சிரித்துவிட்டுப் பருப்பைத் தின்பேன்.

நாங்கள் கட்டும் எஞ்சினை யார் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? டாக்ஸிக்காரன், வாத்தியார், புருஷன் இறந்த பிறகு வண்டியை விற்க மனமில்லாதவள். நல்ல எஞ்சின்தான். ஆனால் நீ மேலே போகிறவள். நாலில் போய் இறங்கினால் உன்னை யாருடைய செக்ரட்டரி என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஷெம்பிடம் சொல்லிவிட்டேன். "என் மக ஆறு எடுக்கிறா. கம்பெனி குடுக்குது." கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பட்டத்தை உறையில் போடாதே என்கிறாய். போடுவேன்.

உன் அப்பா
ஓட்மார் ராப்


ஹனோவர்
1 டிசம்பர் 1996

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. ஷெம்பிடம் இப்போதே சொல்லியிருக்க வேண்டுமா? நான் இன்னும் படிவத்தைத் தொடவே இல்லை.

போன வாரம் ஹில்டஸ்ஹைம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனேன். அங்கே கொள்முதல் தலைவர் ஹார்ம்ஸ். அவர் மேசை ஜன்னலோரம் இருக்கிறது, கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். நான் உள்ளே போனபோது அவர் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. உங்க சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?"

"நான் மட்டுந்தான் வந்திருக்கேன்."

"ஓ" என்றார். காபி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே பேச ஆரம்பித்தார். "போன மாசம் ஒருத்தன் என் வண்டியவிடப் பெரிய வண்டியில வந்து எறங்குனான். காபி குடுத்து அனுப்பிட்டேன். அந்த வண்டிக்கு நான்ல பணம் குடுக்கணும்? அதுக்கு முன்னாடி ஒருத்தன் டப்பா வண்டியில வந்தான். அவன்கிட்டயும் வாங்கல. அவன் கம்பெனி நாளைக்கு இருக்குமான்னே தெரியலையே."

அவர் வண்டி ஆறு சிலிண்டர். வெளியே வரும்போது பின்மூடியில் எண்ணைப் பார்த்தேன். நான் அதே ஆறில் போய் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன நினைப்பார்? லோமான் நிறுத்தினால் கெட்டிக்காரர். நான் நிறுத்தினால் யார் வாங்கிக் கொடுத்தது என்ற கேள்வி வரும். கேட்க மாட்டார்கள், பார்வையிலேயே இருக்கும். நாலு எடுத்தால் லேடீஸ் எஞ்சின். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வார்த்தை எனக்காகக் காத்திருக்கிறது.

படிவம் என் பையில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறேன். ஓரம் மடங்கத் தொடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் ஏன் சிரித்தீர்கள்?

அன்புடன்,
கெர்லிண்ட்


எஸ்லிங்கன்
4 டிசம்பர் 1996

அன்பு மகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஆறாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்தான். கொடுத்துவிட்டாயா?

சர்க்கரை ஆலைக்காரன் ஜன்னலைப் பார்த்து நீ பயப்படக் கூடாது. அவன் பார்க்கத்தான் செய்வான். பார்த்து வாயை மூடும்படி போய் நில்.

வண்டியை ஷோரூமுக்கு அனுப்பச் சொல்லாதே. தொழிற்சாலைக்கே வந்து எடுத்துக்கொள். அன்று நானும் ஒப்படைப்பு மண்டபத்துக்கு வருகிறேன். ஷெம்பும் இன்னும் இரண்டு பேரும் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜூன் 27 என் கடைசி வேலை நாள். அதற்கு முன் இது ஒன்று நடந்தால் எனக்குப் போதும்.

ஏன் சிரித்தேன் என்று கேட்டிருக்கிறாய். தினம் அதே மேசையில்தானே சாப்பிட வேண்டும்.

அம்மா கிறிஸ்துமஸ் பிஸ்கட் ஒன்பது வகை செய்துவிட்டாள். உட்கார்ந்தே செய்தாள்.

உன் அப்பா


ஹனோவர்
9 டிசம்பர் 1996

அன்புள்ள அப்பா,

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அடர் நீலம். இருக்கைகள் சாம்பல் நிறத் துணி. ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் ஒப்படைப்பு.

கிறிஸ்துமஸுக்கு 23ஆம் தேதி ரயிலில் வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் பட்டை வாங்கியிருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இங்கே குளிர் அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
கெர்லிண்ட்


எஸ்லிங்கன்
16 மார்ச் 1997

கெர்லிண்ட்,

உன் வண்டி தயாராகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஆர்டர் தாள்கள் வரும் அலுவலகத்தில் வெண்டலின் இருக்கிறான். உன் எஞ்சின் எந்த நாளில் எதிர்க் கூடத்து லைனில் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தேன். அங்கே போய் ஒரு முறை தொட்டுவிட்டு வரலாம் என்று ஆசை. வியாழக்கிழமை தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "எதிர்க் கூடத்துக்கு எதுக்குப் போற? இது உன் லைன்லதான வருது" என்றான்.

நாலு.

கிறிஸ்துமஸுக்கு வந்து நான்கு நாள் இருந்தாய். ஷெம்ப் பெயரை நான் எடுத்தபோதெல்லாம் எழுந்து போய்ப் பாத்திரம் துடைத்தாய். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கோபம் வந்தது. அதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தாளில் கீழே இன்னொரு வரி இருந்தது. 'பின்பக்கம் எழுத்து வேண்டாம்.' எஞ்சின் எதுவென்று சொல்லும் எண்ணைப் பின்மூடியில் ஒட்டாமல் விடுவது. அந்த வரி எனக்குப் புதிதல்ல. சின்ன எஞ்சின் எடுத்துவிட்டு அதை வெளியே காட்டிக்கொள்ளாதவர்கள் கேட்பது.

இனி உண்மையை எழுதுகிறேன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மூடியில் எண் இல்லை, ஷெம்புக்குத் தெரியாது. சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவானே என்று, அவர்கள் போகும்வரை ஸ்டார்ட் பண்ணாதே என உனக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். நின்ற இடத்திலேயே இதெல்லாம் யோசித்தேன். என் லைனில், என் கையில் முறுக்குச் சாவியோடு.

அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கையால் முறுக்கிய எஞ்சினை என் மகள் எடுத்து, அதன் பெயரைத் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பன் அதற்காகச் சந்தோஷப்படுகிறான். ஆறு எடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். நாலை எண்ணோடு எடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி எனக்குக் காலை ஷிஃப்ட்.

அப்பா


ஹனோவர்
20 மார்ச் 1997

அன்புள்ள அப்பா,

உறையின் மேல் இந்த முறை வெறும் 'கெர்லிண்ட் ராப்' என்று இருந்தது. பிரிக்கும் முன்பே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன்.

நாலை ஏன் எடுத்தேன்? சர்க்கரை ஆலைக்காரருக்குப் பயந்து என்று சொன்னால் பாதி உண்மை. எனக்கு ஒன்பது வயதில் குடும்ப தினத்தன்று உங்கள் கூடத்துக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஒரு போல்ட்டை முறுக்கினீர்கள், சரியான இறுக்கம் வந்து முறுக்குச் சாவி 'டக்' என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பேனாவை எடுத்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உங்களைக் கேட்காமல் நாலில் குறி போட்டேன்.

படிவத்தைக் கொடுக்கப் போனபோது டீட்ஸ் ஒரு பார்வை பார்த்தார். "எழுத்து எடுத்துடலாம்ல மேடம்? எல்லாரும் எடுத்துடறாங்க. செலவு ஒண்ணுமில்ல." கதவருகே லோமான் குரல் கேட்டது. "எடுத்துடுங்க" என்றேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான், அப்பா. அவரே குறி போட்டார். இறங்கி வரும்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. உங்களுக்கு வந்த அதே நிம்மதி.

அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் முற்றத்தில் விற்பனைப் பிரிவின் வண்டிகள் பதினொன்று. அதில் எட்டுக்குப் பின்மூடி வெறுமை. "அடக்கமா இருக்கணும், காட்டிக்கக் கூடாது" என்பார்கள். எண் இல்லாததால் எல்லாருமே ஆறு மாதிரிதான். ஆனால் நான் உங்கள் மகள். காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எட்டில் ஏழு வண்டி நாலு சிலிண்டர். லோமானுடையதும்தான்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று எழுதவில்லை. அவர் மறைப்பது ஒரு எஞ்சினை. நான் மறைத்தது அது மட்டுமில்லை, தெரிகிறது.

ஆர்டரை இப்போது மாற்ற முடியாது என்கிறார்கள். எண்ணைத் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாமாம். உதிரிபாகக் கவுண்டரில் கேட்க வேண்டும். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். என்னால் இவ்வளவுதான் முடிகிறது என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வர முடியுமா? பத்து மணிக்கு. ஷெம்ப் வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் வராவிட்டால் அந்த வண்டியை எப்படி எடுப்பேன் என்று தெரியவில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
கெர்லிண்ட்


ஹனோவர்
24 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பா,

நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. மூன்று வாரம் தபால் பெட்டியைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் திறந்தேன். பதினொன்றாம் தேதி ரயிலில் வரும்போது, மண்டபத்தில் இருப்பீர்கள் என்று பாதி தூரமும், இருக்க மாட்டீர்கள் என்று மீதி தூரமும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இல்லை. கவுண்டரில் இருந்த பெண், "உங்க பேருக்கு ஒரு உறை வந்திருக்கு" என்று நீட்டினாள். மேலே உங்கள் கையெழுத்து. 'பட்டதாரி இன்ஜினியர் கெர்லிண்ட் ராப்.' உள்ளே மெழுகுத் தாளில் சுற்றிய மூன்று உலோக எண்கள். இரண்டு, பூஜ்யம், பூஜ்யம். நாலு சிலிண்டரின் எண். கூடவே துடைக்க ஒரு மஞ்சள் துணி. கடிதம் இருக்கும் என்று உறையை உதறிப் பார்த்தேன். இல்லை.

வண்டியின் அருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"ஓட்மார் பொண்ணா?"

"ஆமா."

"நான் ஷெம்ப். அவரு வரமாட்டாரு. லைன்ல நிக்கிறாரு. லீவு போடுய்யான்னேன், கேக்கல. எங்க, ஸ்டார்ட் பண்ணு பாப்போம்."

ஸ்டார்ட் செய்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "நாலு."

"தையல் மெஷின்தானே" என்றேன். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஆமா" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டே, "நல்லாத்தான் தைக்குது" என்றார்.

பிறகு அவர்தான் சொன்னார். "புதன்கிழமை சாப்பாட்டுக் கூடத்துல உங்கப்பா எந்திரிச்சு நின்னாரு. அவருக்குத்தான் காது கேக்காதே, கத்துனாரு. அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. 'என் மக நாலுதான் எடுத்திருக்கா. ஆறுன்னு நான்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவ சொல்லல.' அப்படியே உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல. உப்ப எடுன்னேன்."

மஞ்சள் துணியால் மூடியைத் துடைத்தேன். "தள்ளு, நான் ஒட்டறேன், பொம்பளைங்க ஒட்டுனா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நானே ஒட்டினேன். இரண்டு என்ற எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "கோணலா இருக்கே" என்றார். "இருக்கட்டும்" என்றேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அலுவலகத்தில் ஏழு நாள், பின்பக்கம் சுவரை ஒட்டும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். எண் சுவருக்கு மட்டும் தெரியட்டும் என்று. உங்கள் உறையை மேசை டிராயரில் வைத்துக்கொண்டே இதைச் செய்தேன்.

நேற்றுதான் முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். லோமான் காபியோடு வந்து மூடியைச் சுற்றிப் பார்த்தார்.

"மேடம், இந்த எழுத்த எடுக்கச் செலவே இல்லையே. டீட்ஸ் சொல்லலையா?"

"சொன்னாரு. எடுத்துட்டு, திரும்ப ஒட்டுனேன்."

"எதுக்கு? இது லேடீஸ் எஞ்சின்னு ஊருக்கே சொல்லவா?"

"உங்களதும் இதே எஞ்சின்தான் திரு. லோமான். காலையில ஸ்டார்ட் பண்ணப்ப கேட்டேன். ஸ்பார்க் பிளக் ஒண்ணு சரியில்ல, பாத்துக்கோங்க."

பின்னால் காபியோடு வந்து நின்றிருந்த டீட்ஸுக்குப் புரை ஏறியது. நான் உள்ளே போய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை முகம் கழுவினேன். மதியம் என் மேசைக்கு யாரும் சாப்பிட வரவில்லை. இன்றும் வரவில்லை. இது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டும். ஹார்ம்ஸ் ஜன்னலோரம்தான் இருப்பார்.

இதற்கும் பதில் எழுத வேண்டாம். என்னிடம் என்ன கோபம் மிச்சமிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 27 உங்கள் கடைசி ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. ஒன்றே முக்காலுக்கு உங்கள் கூடத்து வாசலில் வண்டி நிற்கும். வெளியே வருகிறவர்களுக்கு முதலில் பின்பக்கம் தெரியும்படி நிறுத்துவேன். அணைக்காமல் வைத்திருப்பேன். உங்களுக்குச் சத்தம் கேட்காது. முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

உங்கள் மகள்
கெர்லிண்ட்

பி.கு. இனி எப்போது எழுதினாலும் உறையின் மேல் பட்டத்தைப் போடுங்கள். தபால்காரருக்கு நானே முதலில் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.